ஒரு சொல் மட்டும் தெரிந்த பறவை

எட்கர் அலன் போவின் அண்டங்காகக் கவிதையை நான் முதன்முதலில் கேட்டது ஆசிரியர் கலாசாலை விடுதியில். இருபது வருடங்களுக்கு மேலாகிவிட்டது. விடுதி அலுமாரியில் அட்டை கிழிந்த ஆங்கிலக் கவிதைத் தொகுப்பொன்று கிடந்தது. எங்களுக்கு முன்னர் படித்துச் சென்ற யாரோ விட்டுப் போனது. மின்சாரம் தடைப்பட்ட ஓர் இரவில், ஆங்கிலப் பயிற்சிக்கு வந்திருந்த அறை நண்பர் மெழுகுதிரி வெளிச்சத்தில் அதை உரத்து வாசித்தார். நான் தமிழுக்கு வந்தவன். என் ஆங்கிலம் அகராதியின் தயவில் நடக்கும் ஆங்கிலம். பாதிக்கு மேல் விளங்கவில்லை. ஆனால் பத்திக்குப் பத்தி கடைசியில் ஒரே மாதிரியான ஓசை வந்து விழுந்துகொண்டிருந்தது. பூட்டிய வீட்டின் கதவை யாரோ திரும்பத் திரும்பத் தட்டுவது போலிருந்தது. வாசித்து முடித்ததும் நண்பர் மெழுகுதிரியை ஊதி அணைத்துவிட்டுச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். அந்த வயதில் மரணம் சிரிப்புக்குரிய விசயமாகத்தான் இருந்தது.

அதே கவிதைக்குள் ஒருநாள் நானே நுழைந்து, அந்த மனிதனின் கதிரையில் உட்கார்ந்து, அந்தப் பறவையோடு பேசுவேன் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

என் மகள் பல்கலைக்கழகத்தில் கணினி படிக்கிறாள். விடுமுறைக்கு வந்தவளுக்கு ஓர் ஒப்படை எழுத வேண்டியிருந்தது. இலக்கியப் படைப்புகளை மெய்நிகர் உலகங்களில் எப்படிக் காட்சிப்படுத்துகிறார்கள் என்பது தலைப்பு. மஃரிபுக்குப் பிறகு மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"வாப்பா, ஒரு இங்கிலீஷ் கவிதைய வீடு மாதிரிக் கட்டி வெச்சிருக்காங்க. உள்ளுக்குப் போய்ப் பார்த்திட்டன். கவிதைதான் விளங்குதில்ல. நீங்க கொஞ்சம் சொல்லித் தாங்களன்."

திரையைப் பார்த்தேன். செக்கண்ட் லைஃப் என்று பெயர் சொன்னாள். 2003 ஜூனில் அமெரிக்காவின் லிண்டன் லாப் நிறுவனம் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட உலகம் அது. விளையாட்டு என்று சொல்ல முடியாது. வெல்வதற்கோ தோற்பதற்கோ அங்கே எதுவுமில்லை. நிறுவனம் கொடுப்பது முக்கியமாக நிலத்தைத்தான். பக்கத்துக்கு 256 மீற்றர் கொண்ட சதுரங்களாக அது பிரிக்கப்பட்டிருக்கிறது. அதன்மேல் நிற்கும் வீடு, மரம், கடை, கடற்கரை எல்லாம் பெரும்பாலும் உள்ளே வருகிறவர்கள் தாங்களே கட்டியவை. நமக்கென்று ஓர் உருவத்தை எடுத்துக்கொண்டு அங்கே நடக்கலாம், பறக்கலாம், ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கண்மூடித் திறப்பதற்குள் போகலாம். ஒரு காலத்தில் பல்கலைக்கழகங்கள் பல அங்கே நிலம் வாங்கிப் பாடம் நடத்தின. 2007இல் இஸ்லாம்ஒன்லைன் நிறுவனத்தினர் ஹஜ் கிரியைகளைப் படிப்படியாகச் செய்து பழகுவதற்கு ஓர் இடத்தை அங்கே அமைத்திருந்தார்கள். பிறகு சனம் குறைந்தது. ஆனாலும் அந்த உலகம் அழிந்துவிடவில்லை. கலைஞர்களும் கவிதைப் பிரியர்களும் இன்னும் அங்கே கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

மகள் எனக்கென்று ஒரு கணக்குத் திறந்து தந்தாள். எங்கள் வீட்டு இணைப்பு வேகம் குறைந்தது. முதலில் நான் வெறும் புகைமூட்டமாக நின்றேன். கை, கால், முகம் எதுவுமில்லை. சுற்றியிருந்தவையெல்லாம் சாம்பல் நிறக் கட்டிகளாகத் தெரிந்தன. பிறகு சுவருக்குக் கல்லும் கதவுக்கு மரமும் ஒவ்வொன்றாக வந்து ஒட்டிக்கொண்டன. கடைசியாகத்தான் எனக்கு முகம் வந்தது.

நான் நின்ற இடம் ஒரு சிறிய தெரு. நேரத்தை நள்ளிரவில் நிறுத்தி வைத்திருந்தார்கள். சுவரில் வரிசையாகப் பலகைகள். ஒவ்வொன்றையும் தொட்டால் போவின் வாழ்க்கையிலிருந்து ஒரு குறிப்பு விரியும். பொஸ்டனில் 1809 ஜனவரி 19இல் பிறப்பு. இரண்டு வயதில், 1811இல், தாயின் மரணம். 1836இல் மாமி மகள் வெர்ஜினியாவுடன் திருமணம். அவளுக்கு அப்போது வயது 13. 1842 ஜனவரியில் பாடிக்கொண்டிருந்தவளின் தொண்டையிலிருந்து இரத்தம் வந்தது. காசநோய். இந்தக் கவிதை நியூயோர்க்கின் ஈவினிங் மிரர் பத்திரிகையில் வெளிவந்தது 1845 ஜனவரி 29ஆம் திகதி. வெர்ஜினியா மௌத்தானது 1847 ஜனவரி 30இல். அதன்பின் போ மூன்று வருடம்கூட இருக்கவில்லை. 1849 ஒக்டோபர் 7இல் பால்டிமோரில் முடிந்துபோனார். வயது 40.

நான் இரண்டு திகதிகளைத் திரும்பவும் பார்த்தேன். மனைவியை இழந்த துயரத்தில் எழுதிய கவிதை என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன். அப்படியல்ல. எழுதும்போது அவள் உயிரோடு இருந்தாள். அடுத்த அறையில் இருமிக்கொண்டிருந்திருப்பாள். இழக்கப் போகிறோம் என்று தெரிந்த மனிதன், இழந்தபின் தான் எப்படியிருப்பான் என்பதை முன்கூட்டியே எழுதிப் பார்த்திருக்கிறான். எனக்கும் அந்த இருமல் காலம் தெரியும். எங்கள் வீட்டில் அது இருமல் அல்ல, சிறுநீரகம். கிழமைக்கு மூன்று நாள் இரத்தச் சுத்திகரிப்பு. நான்கு வருடம். 2022ஆம் ஆண்டு நவம்பரில் முடிந்தது.

இந்தக் கவிஞரிடத்தில் நம்மவர்களுக்குச் சுவையான வேறு சங்கதிகளும் உண்டு. 1829இல் வெளிவந்த அவருடைய நெடுங்கவிதை ஒன்றின் பெயர் 'அல் அஃராப்'. குர்ஆனின் ஏழாவது சூறாவின் பெயரேதான். சுவனத்துக்கும் நரகத்துக்கும் இடையிலுள்ள அந்த உயரமான இடம் அவரை ஈர்த்திருக்கிறது. 1831இல் 'இஸ்ராபீல்' என்று இன்னொரு கவிதை எழுதினார். மலக்குகளில் இனிய குரலுடையவர் இஸ்ராபீல் என்று குர்ஆன் சொல்வதாக அதன் தலைப்பில் குறிப்பும் வைத்தார். குர்ஆனில் இஸ்ராபீல் (அலை) அவர்களின் பெயர் வருவதில்லை என்பது மத்ரஸாப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஜோர்ஜ் சேல் 1734இல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பின் முன்னுரையிலிருந்து எடுத்ததை அவர் குர்ஆன் என்றே எழுதிவிட்டார். அண்டங்காகக் கவிதையிலும் அந்த மனிதன் தன் காதலியைச் சுவனத்தில் சந்திப்பேனா என்று கேட்கும் இடத்தில், சுவனத்துக்குப் போ இடுகின்ற பெயர் அறபியிலுள்ள 'அத்ன்' என்ற சொல்லைப் போலவே ஒலிக்கிறது. இதையெல்லாம் மகளுக்குச் சொன்னேன். அவள் குறிப்பெடுத்துக்கொண்டாள்.

"இனி உள்ளுக்குப் போவம் வாப்பா" என்றாள்.

தெருவின் கடைசியில் ஒரு பலகை. அதைத் தொட்டதும் அறைக்குள் நின்றேன்.

அறை சிறியது. நான்கு சுவருக்கும் புத்தக அலுமாரிகள். ஊதா நிறத் திரைச்சீலை இலேசாக அசைந்தது. அடுப்பங்கரையில் கங்குகள் அணைந்துகொண்டிருந்தன. கதவுக்கு மேலே கிரேக்க அறிவுத் தெய்வமான பல்லாஸின் வெள்ளைச் சிலை, தலை மட்டும். நடுவே மெத்தைக் கதிரை ஒன்று. கவிதையில் உள்ளது உள்ளபடி இருந்தது. எதையும் கூட்டவில்லை. பேய், எலும்புக்கூடு என்று எதையும் காட்டிப் பயமுறுத்தவில்லை. 1884இல் வெளிவந்த குஸ்தாவ் டோரேயின் சித்திரங்களில் பேயுருவங்களும் மலக்குகளும் அறை முழுக்க நிறைந்திருக்கும். இதைக் கட்டியவர் அந்த வழியில் போகவில்லை.

தான் இந்தக் கவிதையை எப்படிக் கட்டினேன் என்று போவே 1846இல் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். ஓர் உட்காருகையில் வாசித்து முடிக்க வேண்டும் என்பதற்காக ஏறத்தாழ நூறு வரி என்று தீர்மானித்தாராம். வந்தது 108. ஒரே சொல் திரும்பத் திரும்ப வரவேண்டும், அந்தச் சொல்லைச் சொல்வது பகுத்தறிவுள்ள மனிதனாக இருக்கக்கூடாது என்றும் தீர்மானித்தாராம். முதலில் அவர் நினைவுக்கு வந்தது கிளி. பிறகுதான் அண்டங்காகம். அது நம் வீட்டுக் கூரையில் வந்திருக்கும் காகமல்ல. நம் நாட்டில் இல்லாத, உடல் பருத்த பறவை. பழக்கினால் மனிதக் குரலைப் பாவனை செய்யும். சார்ள்ஸ் டிக்கன்ஸ் அப்படியொன்றை வளர்த்து, தன் நாவலிலும் சேர்த்தார். அந்த நாவலுக்குப் போ மதிப்புரை எழுதினார். 1841இல் செத்த அந்தப் பறவையைப் பதம்பண்ணி இன்றும் பிலடெல்பியா நூலகத்தில் வைத்திருக்கிறார்கள்.

அதே கட்டுரையில் இடத்தைப் பற்றியும் சொல்கிறார். காடும் வயலும் அவருக்குத் தோதுப்படவில்லை. தனித்த ஒரு நிகழ்ச்சிக்கு அடைபட்ட இடம் வேண்டும், படத்துக்குச் சட்டம் போல. ஆகவே அவர் ஓர் அறையைக் கட்டினார். அதற்குள் ஆளை உட்கார்த்தினார். நூற்றியெழுபது எண்பது வருடங்களுக்குப் பிறகு யாரோ ஒருவர் கணினிக்குள் அந்த அறையைக் கட்டியது கவிதைக்குச் செய்த அநியாயமல்ல என்று எனக்குப் பட்டது.

கதவில் தட்டும் சத்தம் கேட்டது. மடிக்கணினியின் சின்ன ஒலிபெருக்கியில் அது எங்கள் வீட்டுக் கதவு போலவே கேட்க, மகள் ஒருகணம் திரும்பிப் பார்த்தாள். நான் போய்க் கதவைத் தொட்டேன். திறந்தது. வெளியே இருட்டு. எட்டி நடந்து பார்த்தேன். அதற்கு அப்பால் கட்டியவர் எதையுமே வைக்கவில்லை. கவிதையில் அந்த மனிதன் அந்த இருட்டைப் பார்த்து அவளுடைய பெயரை மெதுவாகச் சொல்வான். அவன் சொன்ன பெயரே அவனிடம் திரும்பி வரும். அவ்வளவுதான். இதை நான் மகளுக்கு விளங்கப்படுத்தவில்லை. அந்த இடத்தைக் கடந்து போனேன்.

பிறகு யன்னலைத் திறந்தால் பறவை உள்ளே வருகிறது. பறந்து போய்ச் சிலையின் தலையில் அமர்கிறது. கதிரையைத் தொட்டேன். என் உருவம் போய் அதில் உட்கார்ந்தது. இனிப் பறவையைத் தொடலாம். தொட்டால் அது தன் சொல்லைச் சொல்லும். 'இனி ஒருபோதும் இல்லை' என்று பொருள்படும் ஒற்றை ஆங்கிலச் சொல். கரகரத்த ஆண்குரலில் ஒரு தடவை பதிவு செய்து வைத்திருக்கிறார்கள்.

தொட்டேன். சொன்னது. திரும்பவும் தொட்டேன். அதே குரல், அதே இழுவை. எத்தனை தரம் தொட்டேன் என்று நான் எண்ணவில்லை. மகள் எண்ணியிருக்கிறாள்.

"பதினேழாந்தரம் வாப்பா. அது புரோகிராம். நீங்க என்ன நினைச்சாலும் அதையேதான் சொல்லும்."

அதன் சூட்சுமத்தையும் காட்டித் தந்தாள். அந்த உலகத்தில் பழகுபவர்களுக்கென்று விடப்பட்ட நிலத்துக்குப் போய் ஒரு மரப்பெட்டியை உண்டாக்கினாள். அதற்குள் புதிதாக ஒரு நிரலை வைத்தாள். எதுவும் எழுதத் தேவையில்லை. தொட்டதும் 'தொடப்பட்டேன்' என்று சொல்லும் ஒரு கட்டளை அதில் முன்கூட்டியே இருக்கிறது. பெட்டியைத் தொட்டாள். பெட்டி ஆங்கிலத்தில் அந்தச் சொல்லைச் சொன்னது. "பார்த்தீங்களா? காகமும் இந்தப் பெட்டியும் ஒண்டுதான்."

"தெரியும் மகள்" என்றேன். "அவனுக்கும் தெரியும்."

அதுதான் கவிதையின் உள்வீடு. பறவைக்கு ஒரு சொல்தான் தெரியும் என்பது அந்த மனிதனுக்கு ஆரம்பத்திலேயே விளங்கிவிடுகிறது. யாரோ ஒரு துரதிர்ஷ்டசாலி எசமானிடம் கேட்டுப் பழகியதைச் சொல்கிறது என்று அவனே ஊகிக்கிறான். முதலில் வேடிக்கையாகத்தான் கேட்கிறான், உன் பெயரென்ன என்று. விடை இன்னதென்று தெரிந்த பிறகுதான் பாரமான கேள்விகளை எடுக்கிறான். என் துயரத்துக்கு மருந்துண்டா? அவளைச் சுவனத்தில் தழுவுவேனா? இந்த விடை வந்து எங்கே அதிகமாக நோகுமோ அந்த இடமாகப் பார்த்துக் கேள்வியை வைக்கிறான். போவும் தன் கட்டுரையில் இதை மறைக்கவில்லை. தன்னைத்தானே வதைத்துக்கொள்வதில் ஓர் இன்பம் அவனுக்கு இருக்கிறது என்றே எழுதியிருக்கிறார். கொடியது பறவையல்ல. பறவைக்கு ஒன்றும் தெரியாது.

இதை மகளுக்கு ஒரு வகுப்பு எடுப்பது போல விளக்கி முடித்தேன். அவள் எழுதிக்கொண்டிருந்த பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நீங்களும் அப்படித்தானே வாப்பா" என்றாள். "ராவையில விறாந்தைக்குப் போய் இருந்து போனக் காதுக்குள்ள வெச்சிக் கேக்கிறீங்க. எனக்குத் தெரியாதெண்டு நினைக்கிறீங்களா?"

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. இஷாவுக்கு நேரமாகிவிட்டது என்று எழும்பிப் போனேன்.

அவள் சொன்னது உண்மை. என் கைத்தொலைபேசியில், வட்ஸ்அப்பில், மனைவியின் குரல் ஒன்று இருக்கிறது. மௌத்தாவதற்கு மூன்று கிழமைக்கு முன் அனுப்பியது. ஏழு செக்கன். 'வரக்குள்ள பாண் வாங்கிட்டு வாங்க. சீனியும் முடிஞ்சி. மறந்திராதீங்க.' வேறொன்றுமில்லை. மற்றவையெல்லாம் தொலைபேசி மாற்றியபோது அழிந்துவிட்டன. இது மட்டும் எப்படியோ தப்பியது. மூன்று வருடமாக, வீடு அடங்கிய பிறகு, நான் விறாந்தையில் உட்கார்ந்து இதைக் கேட்டுவருகிறேன். கேட்பதற்கு முன்னர் மனதுக்குள் ஒரு கேள்வியை வைப்பேன். கொழும்புக்கு முந்திக் கொண்டுபோயிருந்தால் தப்பியிருப்பாயா? அந்தக் கடைசிக் கிழமையில் நான் பரீட்சைத்தாள் திருத்தப் போனது உனக்கு மனவருத்தமா? பாண் வாங்கிட்டு வாங்க என்று அவள் சொல்வாள். எந்தக் கேள்வியை வைத்தாலும் பாண்தான். நான் உடைந்து போவேன். அந்த உடைவுக்காகவே அடுத்த நாளும் கேட்பேன்.

கணவனுக்காக மனைவி நான்கு மாதமும் பத்து நாளும் துக்கம் காக்க வேண்டும், மற்றவர்களுக்காக மூன்று நாள் என்று மார்க்கம் எல்லை வைத்திருக்கிறது. அழக்கூடாது என்பதல்ல அதன் அர்த்தம். ஓரிடத்தில் எழும்பி அறைக்கு வெளியே வா என்பதுதான். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கிறவன் நான். போவின் அறையில் இருக்கும் மனிதன் பறவையைத்தான் வெளியே போ என்று கத்துகிறான். தான் வெளியே போகலாம் என்று அவனுக்குத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

அன்றிரவு தொலைபேசியை எடுக்கவில்லை. நித்திரையும் வரவில்லை.

சுபஹுத் தொழுதுவிட்டு வந்தபோது வீடு அமைதியாக இருந்தது. மேசையில் மடிக்கணினி. எப்படித் திறப்பது என்று முதல்நாள் பார்த்திருந்தேன். தட்டித் தடவி அந்தத் தெருவுக்குப் போனேன், அறைக்குப் போனேன், கதிரையில் உட்கார்ந்தேன். வெளியே நம்முடைய காகங்கள் கத்தத் தொடங்கியிருந்தன. உள்ளே நள்ளிரவு.

அப்போது கலாசாலையில் எங்களுக்குக் கற்பித்த ஒரு விரிவுரையாளரின் ஞாபகம் வந்தது. வினாவுதல் பற்றிய பாடம். வகுப்பில் ஒரு பிள்ளை எந்தக் கேள்விக்கும் ஒரே விடையைச் சொல்லிக்கொண்டிருந்தால் பிள்ளையில் கோபிக்காதீர்கள், அந்த விடை சரியாக வரக்கூடிய ஒரு கேள்வியைத் தேடிக் கேளுங்கள், அங்கிருந்து பிள்ளை மேலே வரும் என்பார். இருபது வருடமாக நான் வகுப்பில் கையாளும் முறை அது. தரம் 6இல் எதற்கும் 'தெரியா சேர்' என்று மட்டும் சொல்லும் ஒரு பையனிடம், 'நாளைக்கு மழை வருமா, உனக்குத் தெரியுமா?' என்று கேட்டேன். 'தெரியா சேர்' என்றான். சரி என்று கைதட்டச் சொன்னேன். அன்று முதல் அவன் வாய் திறந்தான்.

பறவைக்கு ஒரு விடைதான் தெரியும். அது அதன் குற்றமல்ல. கேள்வி என்னுடையது.

மனைவியின் இடது கையை நினைத்தேன். ஊசி ஏற்றி ஏற்றி அந்தக் கை நரம்பு கயிறு போல வீங்கியிருந்தது. இரத்தச் சுத்திகரிப்புக்குப் போகும் நாளில் விடியற்காலையிலேயே எழும்பி அந்தக் கையைத் தடவிக்கொண்டிருப்பாள். எனக்குத் தெரியாமல்தான் தடவுவாள். நான் தூங்குவது போலக் கிடப்பேன்.

அவளுக்கு இனி அந்த ஊசி உண்டா?

பறவையைத் தொட்டேன். அது தன் சொல்லைச் சொன்னது.

தண்ணீரை அளந்து அளந்து குடித்து, தாகத்தோடு படுக்கும் இரவு அவளுக்கு இனி உண்டா?

அதே சொல். அதே கரகரத்த குரல். நேற்றுப் பதினேழு தரம் கேட்டதுதான். இப்போதுதான் எனக்கு அது வேறு மாதிரிக் கேட்டது. சொல் மாறாமல் இருக்க, இடத்துக்கிடம் அதன் பிரயோகம் மட்டும் மாறவேண்டும் என்று எண்ணியதாகப் போ எழுதியதை வாசித்திருக்கிறேன். அவருடைய ஆள் அதைத் துயரத்தின் பக்கமாக மட்டுமே திருப்பிக்கொண்டு போனான். மறுபக்கமாகவும் அது திரும்பும்.

இன்னொரு காகமும் அந்நேரம் ஞாபகத்துக்கு வந்தது. ஐந்தாவது சூறாவில் வரும் காகம். ஆதம் (அலை) அவர்களின் மகன்மாரில் ஒருவன் மற்றவனைக் கொன்றுவிட்டு, உடலை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றபோது, நிலத்தைக் கிளறி அடக்கம் செய்யக் காட்டிக்கொடுப்பதற்காக அல்லாஹ் ஒரு காகத்தை அனுப்பினான். அந்தக் காகம் ஒரு சொல்லும் பேசவில்லை. மண்ணைத் தோண்டிக் காட்டியது, அவ்வளவுதான். மனிதனுக்குக் கிடைத்த முதலாவது ஆசிரியர்களில் ஒன்று அது என்று நான் நினைப்பதுண்டு. போவின் பறவை அடக்கம் செய்யவிடாத பறவை. நமது காகம் அடக்கம் செய்யச் சொல்லித் தந்த காகம்.

அடக்கம் செய்யக் கிடைப்பது எவ்வளவு பெரிய நிஃமத் என்பதை இந்த நாட்டில் நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. 2020 முதல் 2021 பெப்ரவரி வரை கொவிட் ஜனாஸாக்களை எரித்த காலத்தைக் கடந்து வந்தவர்கள் நாம். அந்த மாதங்களில் என் மனைவிக்கு இருந்த ஒரே பயம் நோயல்ல, அதுதான். 'அந்த நாளையில எனக்கு ஒண்டும் ஆகிடக்கூடாது' என்று துஆக் கேட்டுக்கொண்டே இருந்தாள். அல்லாஹ் ஏற்றுக்கொண்டான். எங்கள் ஊர் மையவாடியில், அவளுடைய உம்மாவுக்குப் பக்கத்தில், மண்ணில் வைத்தேன். என் கையாலேயே மூன்று பிடி மண் போட்டேன். போட்டுவிட்டு வந்து, ஏழு செக்கன் குரலால் ஒவ்வோர் இரவும் அந்த மண்ணைத் திரும்பக் கிளறிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மகள் எழும்பி வந்து பின்னால் நின்றது எனக்குத் தெரியாது.

"தனியாப் போய் இருக்கிறீங்களா?" என்றாள்.

பக்கத்தில் இரு என்று கதிரையை இழுத்துப் போட்டேன். தொலைபேசியை எடுத்து மேசையில் வைத்தேன். இம்முறை காதோடு வைக்கவில்லை. சத்தத்தைக் கூட்டிவிட்டுத் தொட்டேன். 'வரக்குள்ள பாண் வாங்கிட்டு வாங்க. சீனியும் முடிஞ்சி. மறந்திராதீங்க.'

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். சிரிக்கிறாள். "உம்மாக்கு எப்பயும் சீனி முடிஞ்சிதான்" என்றாள். அவளுக்குச் சீனி ஆகாது என்று நான் அலுமாரியில் ஒளித்து வைப்பதும், அவள் முடிந்துவிட்டது என்று திரும்ப வாங்குவிப்பதும் எனக்கும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. மூன்று வருடமாகக் கேட்ட குரலில் அந்தக் கள்ளத்தனம் இருந்ததை நான் ஒருநாளும் கவனிக்கவில்லை. இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு இரண்டு பேரும் அழுதோம்.

"எனக்கு ஒருக்காத் தந்திருக்கலாமே வாப்பா" என்றாள் கடைசியில். "எனக்கிட்ட உம்மாட குரல் ஒண்டுமே இல்ல."

இதற்கு நான் விடை சொல்ல முடியாது. தாயை இழந்த பிள்ளையை வெளியே நிறுத்திவிட்டு, அறைக்குள் நான் மட்டும் பறவையோடு பேசிக்கொண்டிருந்தேன். கவிதையில் வரும் மனிதனுடைய வீட்டில் வேறு யாரும் இல்லை. என் வீட்டில் ஆள் இருந்தது. தட்டியது அவளாகத்தான் இருக்க வேண்டும்.

அந்தக் குரலை மகளுக்கு அனுப்பினேன். போய்ச் சேர்ந்ததற்கு அடையாளமாக இரண்டு சரிக்குறிகள் விழுந்தன.

அவள் ஒப்படையை எழுதி முடித்துக்கொண்டு பல்கலைக்கழகம் போனாள். நல்ல புள்ளி கிடைத்ததாகச் சொன்னாள். அடுத்த விடுமுறையில் வந்தபோது அந்த அறையைத் திரும்பப் பார்க்கலாம் என்று தேடினோம். அந்த இடம் அங்கே இல்லை. இந்த உலகத்தில் நிலத்துக்கு மாதாமாதம் வாடகை கட்ட வேண்டும், கட்டாவிட்டால் அதன்மேல் இருப்பதை எடுத்துவிடுவார்கள் என்றாள். யார் கட்டினார்கள், ஏன் எடுத்தார்கள் என்று தெரியாது. அவர்களுக்கு என் நன்றி போய்ச் சேர வழியில்லை. ஆகவே இங்கே எழுதி வைக்கிறேன்.

குரல் என் தொலைபேசியில் இன்னும் இருக்கிறது. அழிக்கவில்லை. சில வெள்ளிக்கிழமைகளில், மையவாடிக்குப் போய் ஸலாம் சொல்லிவிட்டு வரும் வழியில், பேக்கரியில் பாண் வாங்குகிறேன். சீனியும் வாங்குகிறேன்.